நாலைந்து மீனிலிருந்து பெருகிய அயல் மீன் கூட்டம் ஏன் நொடித்துப்போவதில்லை?

அலீல்_தேடி:
அயல் மீன்களைப் பற்றி ஒரு செமினாருக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் தலை சுற்றுகிறது. புது நீர்நிலைக்குக் கொஞ்சம் மீன் மட்டும் வந்து சேர்ந்தால் தாய்க்கூட்டத்தில் இருந்த அலீல்களில் (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்) நிறைய வராமலே போய்விடும், அப்புறம் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம், நோயைத் தாங்கும் சக்தி குறையும், சூழல் மாறினால் சமாளிக்க முடியாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் ஆசியாவின் பல நாடுகளுக்குப் போன மொசாம்பிக் திலாப்பியா, 1939இல் ஜாவாவில் கிடைத்த ஐந்தே ஐந்து மீன்களின் வம்சம் என்கிறார்கள். அழிந்துவரும் மீன் ஐம்பதாகக் குறைந்தால் பதறுகிறோம், இது ஐந்திலிருந்து கிளம்பி ஊரையே வளைத்துவிட்டதே? இன்னொன்று, மரபணுப் பன்மை குறைந்த கூட்டத்தை ஒழிப்பது சுலபமா?

வாலாட்டி:
'மரபணுப் பன்மை' என்று ஒரே சொல்லில் இரண்டு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எத்தனை வகை அலீல் இருக்கிறது என்பது ஒன்று, ஹெட்டிரோசைகோசிட்டி, அதாவது ஒரு மீனுக்குத் தாயிடமும் தகப்பனிடமும் இருந்து வந்த இரண்டு அலீல்களும் வெவ்வேறாக இருக்கும் வாய்ப்பு, இன்னொன்று. முதலாவது, ஆள் குறைந்தால் சட்டென்று அடிவாங்கும், அரிய அலீல்கள் முதல் தலைமுறையிலேயே காணாமல் போகும். இரண்டாவது அப்படி இல்லை. இனப்பெருக்கம் செய்யும் மீன்கள் N என்றால் ஒரு தலைமுறையில் இழப்பு தோராயமாக 1/(2N). ஐந்து மீனுக்குப் பத்தில் ஒரு பங்குதான், மீதி 90 சதவீதம் கையில் இருக்கிறது! உண்மையான சேதம், பல தலைமுறைக்குக் கூட்டம் சிறிசாகவே கிடப்பதால் வருவது. அழிந்துவரும் மீனுக்கு நடப்பது அதுதான். அயல் மீனோ வந்த வேகத்தில் பெருகிவிடுகிறது, இழக்க நேரமே கொடுப்பதில்லை.

நல்ல உதாரணம் ஜப்பானின் புளூகில், வட அமெரிக்க நன்னீர் மீன். 1960இல் அப்போதைய பட்டத்து இளவரசர் அகிஹிதோ அமெரிக்கா போனபோது பரிசாகக் கிடைத்த ஒரு டஜன் சொச்சம் மீன்கள். பிற்பாடு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை (தாய்வழியாக வருவது) பார்த்தால், நாடு முழுக்க உள்ள புளூகில்கள் அயோவாவில் மிசிசிப்பிக் கரையிலுள்ள குட்டன்பெர்க் மீன்களோடு ஒத்துப்போகின்றன. அதாவது ஒரே பரிசுதான் மொத்த நாட்டுக்கும் மூலம். (2007இல் அவரே, பேரரசராக இருந்தபோது, இதற்காக வருந்துவதாகப் பொதுமேடையில் சொன்னார். மீன் ஆராய்ச்சியாளர் வேறு, பாவம்.)

கோபி_ரசிகர்:
வாலாட்டி சொன்ன கணக்கு சரி, ஆனால் கேள்வியின் அஸ்திவாரத்தையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 'கொஞ்சம் மீன்தான் வந்தது' என்பது பல இடங்களில் வெறும் அனுமானம். ரவுண்ட் கோபி என்ற சின்ன மீனை எடுத்துக்கொள்ளுங்கள், வட அமெரிக்கப் பேரேரிகள் பக்கம் 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் சிக்கியது, கருங்கடல் பகுதியிலிருந்து கப்பலின் பேலஸ்ட் நீரில் (கப்பல் சமநிலைக்காக அடியில் நிரப்பும் நீர்) வந்தது. மரபணு ஆய்வு செய்தபோது பன்மை கணிசமாகவே இருந்தது, டினீப்பர் ஆற்றுப் பக்கத்து மீன்களோடு நெருக்கம் தெரிந்தது. ஒன்றிரண்டு மீன் தப்பி வந்த கதை இல்லை, பெருங்கூட்டமே வந்து இறங்கியிருக்கிறது.

அதைவிட மோசம் கலப்பு. ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் படுகையில் கெண்டை பல வளர்ப்பு வகைகளாக வெவ்வேறு காலத்தில் வந்து, 1960களில் பூலாரா என்ற வளர்ப்பு வகை பரவத் தொடங்கிய பிறகு, ஒன்றோடொன்று கலந்தும் இருக்கின்றன. தாயகத்தில் சந்தித்தே இருக்காத மரபுகள் அயலூரில் சேர்ந்து பன்மையைக் கூட்டிவிடுகின்றன. ஆகவே குளத்தில் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னும் நாலு விட்டால் என்ன என்று கேட்பவர்களை நான் விடுவதே இல்லை.

அலீல்_தேடி:
புரிகிறது, நன்றி. ஆனால் நிஜமாகவே பன்மை குறைந்தும் பிழைத்தவை உண்டா? ஒழிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

சேற்றுமீன்:
உண்டு. தொட்டியில் வளர்க்கும் சின்ன மீனான கப்பியில் ஒரே ஒரு சினைப்பெண் போதும். விந்தை உடம்பில் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும், ஒரே ஈற்றில் பல தகப்பன்கள் இருப்பதும் சகஜம், அதனால் 'ஒரு மீன்' என்று நாம் எண்ணுவது மரபணுக் கணக்கில் ஒன்றல்ல. கிபெல் கெண்டை இன்னும் விசித்திரம். அதன் பெண்கள் வேறு இன ஆணின் விந்தைக்கூட முட்டையைத் தூண்ட மட்டும் பயன்படுத்திவிட்டுத் தங்களையே நகலெடுக்கின்றன. இப்படியே ஐரோப்பாவில் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது.

ஒழிப்பு விஷயத்தில், பன்மை குறைவு என்பதால் வேலை சுலபமாகாது. நாம் மைக்ரோசாட்டிலைட்டில் (திரும்பத் திரும்ப வரும் குட்டி டிஎன்ஏ தொடர்கள்) அளப்பது பெரும்பாலும் இயற்கைத் தேர்வில் சிக்காத டிஎன்ஏ துண்டுகளை, வளர்ச்சி வேகத்தையோ குளிர் தாங்கும் திறனையோ அல்ல. தரவு உதவுவது வேறு இடத்தில். இரண்டு ஏரிகளுக்கிடையே மீன் போக்குவரத்து இருந்தால் ஒன்றை மட்டும் சுத்தம் செய்வது வீண்வேலை. மீன்கொல்லி மருந்து போட்ட ஏரியில் மறுபடி மீன் தென்பட்டால் அது தப்பிய பழசா, யாரோ கொண்டுவந்து விட்ட புதுசா என்றும் டிஎன்ஏவில் பிடிக்கலாம், ஆனால் முன்கூட்டியே மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும்.

செமினாரில் எந்த ஆய்வைக் காட்டினாலும், தாயக ஆற்றிலிருந்து மாதிரி எடுத்தார்களா என்று பாருங்கள். அது இல்லாமல் 'பன்மை குறைந்துவிட்டது' என்று எழுதியிருந்தால், எதைவிடக் குறைவு என்று முதல் வரிசையிலிருந்தே யாராவது கேட்பார்கள்.