முதுகு வளைவுக்குப் பிரேஸ் போட்ட இரண்டரை ஆண்டுகள்

மகளுக்கு அப்போது 12 வயது. பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் ஏறியே நின்றது. தையல்தான் கோணல் என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். ஒருநாள் அவள் குனிந்து தலை துவட்டும்போது பார்த்தேன்: முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாகப் புடைத்திருந்தது.

முதலில் போனது எண்ணெய் தடவி நீவிவிடுபவரிடம். எலும்பை நேராக்கிவிடுவதாக அவர் சொன்னதை நம்பி ஏழு மாதம் போயிற்று. வளரும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் புரிந்தது. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும் நிலை. அந்த வளைவை அளக்கும் காப் கோணம் 31 டிகிரி. 25 முதல் 40 டிகிரி வரை வளைவும், வளர்ச்சி மிச்சமும் இருந்தால் பிரேஸ், அதாவது உடலை இறுக்கிப் பிடிக்கும் கவசம் போட வேண்டும் என்றார் மருத்துவர். புத்தகப் பையாலா, கோணி உட்கார்ந்ததாலா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார். 'நிமிர்ந்து உட்கார்' என்று அவளை அதட்டுவதை அன்றே விட்டேன்.

பிரேஸ் வளைவைக் கூடவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் அணிகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், நாளுக்குச் சுமார் 13 மணி நேரமாவது அணிந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு, அறுவை சிகிச்சையை யோசிக்க வைக்கும் 50 டிகிரியை எட்டவில்லை. பிரேஸுக்கு அடியில் தையல் இல்லாத பருத்தி பனியன் போட்டு, சுருக்கம் விழாமல் இழுத்துவிட வேண்டும். பிரேஸின் வாரை எதுவரை இறுக்குவது என்று பேனாவால் கோடு போட்டு வைத்தோம். கழற்றியபின் சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், பிரேஸ் செய்தவரிடம் உடனே காட்டுங்கள்.

வளர்ச்சி நின்றபோது 34 டிகிரி. 'கூடித்தானே இருக்கிறது' என்றார்கள் உறவினர்கள். எனக்கு அன்று அழுகை வந்தது, மகிழ்ச்சியில்.

---

சகோதரி, உங்கள் அனுபவத்தைப் படித்தேன்; நான் மறுபக்கம், பிரேஸ் போட வேண்டிய பிள்ளையாக இருந்தவள். பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டு, அணிந்ததாகப் பொய் சொன்னேன். 15 வயதில் 56 டிகிரி, அறுவை சிகிச்சை. திருகுகளும் தண்டுகளும் பொருத்தி, எலும்புத் துகள் வைத்து முள்ளெலும்புகளை ஒன்றாக்கினார்கள். மறுநாளே செவிலியர்கள் என்னைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வலி கடுமைதான், ஆனால் வாரத்துக்கு வாரம் குறைந்தது.

இணைத்த பகுதி இனி வளையாது. கீழே விழுந்த பேனாவை எடுக்க முழங்காலை மடித்துத்தான் இறங்குகிறேன். அறுவைக்குப் போகிறவர்கள், எந்த முள்ளெலும்பிலிருந்து எதுவரை இணைக்கப் போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். இடுப்பை நோக்கிக் கீழே போகப் போக, குனியும் வசதி குறையும். அறுவையின்போது நரம்புகளைக் கண்காணிக்கும் கருவி உண்டா என்றும் கேளுங்கள்.