மாலைக்கண் வந்த பிள்ளைக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். தம்பி மகனுக்கு நான்கு வயது. பொழுது சாய்ந்தால் வளவில் தட்டுத் தடுமாறுகிறான். கீழே இருக்கும் தண்ணீர்ச் செம்பு தெரியாமல் எத்திவிடுகிறான். கருவிழியை ஒட்டி வெள்ளை விழியில் சோப்பு நுரை போல ஒரு சின்னத் திட்டு. கண் டாக்டர் வைட்டமின் ஏ குறைபாடு என்று சொல்லி மருந்து தொடங்கிவிட்டார். கவனிக்காமல் விட்டால் கருவிழியே புண்ணாகிப் பார்வை போய்விடுமாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பத்தாவுக்குத் தூக்கமே இல்லை.

மருந்து சரி, சாப்பாடுதான் பெரும்பாடு. ரசம் சாதத்தைத் தாண்டி எதையும் தொடமாட்டான். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை எல்லாம் வீட்டில் உண்டு, ஒன்றும் வாயில் இறங்குவதில்லை. இந்தச் சத்து கொழுப்பில் கரைவது என்பதால் நெய்யோ எண்ணெயோ சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் பணியாரம் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன். மாவில் கேரட்டோ பரங்கிக்காயோ அரைத்துச் சுட்டவர்கள் அளவு சொல்லுங்கள். கீரை சேர்த்தால் பச்சை நிறம் பார்த்தே துப்பிவிடுவான், அதற்கும் ஏதாவது வழி உண்டா?

மாத்திரைப் பெயர் மட்டும் வேண்டாம். வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். அப்புறம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி இருந்திருந்தால், அந்தத் திட்டு மறைய எவ்வளவு நாளானது?