ஆர்கானிக் சான்றிதழ் இருக்கிறது, எண்ணெயை நம்பலாமா?

நுரைக்காரி எழுதியது:

வணக்கம். சிறிய அளவில் சோப்பும் முகத்துக்குப் பூசும் எண்ணெயும் செய்து விற்கிறேன். இதுவரை லேபிளில் "இயற்கையானது" என்று மட்டும் போட்டு ஒப்பேற்றி வந்தேன். இப்போது வாங்குகிறவர்கள் "ஆர்கானிக்கா?" என்று நேராகவே கேட்கிறார்கள். எனவே லாவெண்டர் எண்ணெய்க்கு மூன்று பேரிடம் விசாரித்தேன்.

முதலாமவர் கேட்டவுடனே சான்றிதழின் படத்தை அனுப்பிவிட்டார். முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தால், சான்று பெற்றவரின் பெயர் பாட்டிலில் உள்ள பெயர் இல்லை. பொருள் பட்டியலில் "லாவெண்டர், உலர்ந்த பூ" என்று இருக்கிறது. எண்ணெய் என்ற சொல்லே எங்கும் காணோம். கேட்டேன். "பூ ஆர்கானிக் என்றால் அதில் வடித்த எண்ணெயும் ஆர்கானிக்தானே அம்மா" என்கிறார். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை.

இரண்டாமவர் தானே பயிரிட்டுத் தானே வடிக்கிறவர். சான்றிதழ் கிடையாது, மருந்தே அடிப்பதில்லை, வந்து பாருங்கள் என்கிறார். மூன்றாமவர் "மருத்துவத் தரம்" என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்.

யாரை நம்புவது?

வழிப்போக்கன் எழுதியது:

சான்றிதழ் என்பது காசு கொடுத்தால் கிடைக்கும் காகிதம். நான் எப்போதும் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்ப்பேன். காய்ந்ததும் எண்ணெய்க்கறை தெரிந்தால் கலப்படம், தெரியாவிட்டால் சுத்தம். மூக்கும் தாளும் போதும். ஆயிரம் முத்திரை எதற்கு?

கொள்முதல்காரர் எழுதியது:

அழகுசாதனத் தொழிலில் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலாமவரின் சான்றிதழ் போலி என்று நான் நினைக்கவில்லை. அனேகமாக உண்மையானதுதான். உங்களுக்கு விற்கப்படும் சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான். பொய்க் காகிதம் அச்சடிப்பது ஆபத்தான வேலை; பிடிபட்டால் தப்ப முடியாது. மெய்யான காகிதத்தைப் பொருந்தாத சரக்கின்மேல் வைத்துக் காட்டுவது சுலபம். கேட்டால் "ஊழியர் தவறாக அனுப்பிவிட்டார்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

சான்று என்பது இன்னாருக்கு, இன்ன பொருளுக்கு, இன்ன வேலைக்கு என்று தரப்படுவது. பூ விளைவிப்பது ஒரு வேலை. வடிப்பது இன்னொன்று. டிரம்மில் வரும் எண்ணெயைப் பாட்டிலில் நிரப்பி லேபிள் ஒட்டுவதும் கணக்கில் வரும் வேலைதான். அதே கலனில் முந்தின நாள் சாதாரணப் பூவை வடித்திருந்தால்? கலனைக் கழுவினார்களா, இரண்டு சரக்கையும் பிரித்து வைத்தார்களா என்பது ஆய்வாளர் வடிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். "பூ ஆர்கானிக் என்றால் எண்ணெயும்" என்கிறவர் சங்கிலியின் இந்தக் கண்ணிகளையெல்லாம் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறார்.

விதிகள் என்னவோ தெளிவாகத்தான் இருக்கின்றன. அமெரிக்க விவசாயத் துறையின் ஆர்கானிக் விதிகள் 2002இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அறுவடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தில் தடைசெய்யப்பட்ட உரமோ மருந்தோ விழுந்திருக்கக் கூடாது. "ஆர்கானிக்" என்று விற்க வேண்டுமானால், தண்ணீரும் உப்பும் நீங்கலாக, குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் மூலப்பொருளாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018/848 என்ற ஒழுங்குமுறை 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. நறுமண எண்ணெய்கள் அதன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே "எண்ணெய்க்கெல்லாம் தனியாகச் சான்று கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடையில் கைமாற்றி விடுகிற தரகர்கள்தாம் வெகுகாலம் இருட்டுப் பகுதியாக இருந்தார்கள். சரக்கு எங்கே நிறம் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்கா இந்த ஓட்டையை அடைக்க விதிகளை இறுக்கியது. 2024 மார்ச் 19 முதல், வாங்கி விற்கும் தரகர்களில் பெரும்பாலோர் சான்று பெற்றாக வேண்டும், இறக்குமதியாகும் ஒவ்வொரு ஆர்கானிக் சரக்குக்கும் மின்னணு இறக்குமதிச் சான்று வேண்டும். சான்று பெற்றவர்களின் பெயர்களை அமெரிக்கத் துறை "ஆர்கானிக் இன்டெக்ரிட்டி டேட்டாபேஸ்" என்ற பொதுத் தளத்தில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு "ட்ரேசஸ்". விற்பவர் அனுப்பும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; பெயரை அங்கே நீங்களே தேடுங்கள். சான்று ரத்தாகியிருந்தாலும் பழைய படத்தில் முத்திரை பளிச்சென்றுதான் இருக்கும்.

வழிப்போக்கன் அவர்களே, காசு கொடுத்து வாங்கும் காகிதம் என்பது பாதி உண்மை. ஆய்வுக் கட்டணத்தை ஆய்வுக்கு உட்படுகிறவரே கட்டுகிறார். அந்தச் சங்கடம் எனக்கும் உண்டு. ஆனால் நல்ல ஆய்வாளர் செய்கிற வேலையை நேரில் பார்த்திருந்தால் இப்படி எழுதமாட்டீர்கள். அவர் முதலில் செடியைப் பார்ப்பதில்லை, கணக்கைப் பார்க்கிறார். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் மூன்றிலிருந்து ஐந்து டன் இதழ் வேண்டும். பத்து டன் பறித்தவர் ஐந்து கிலோ எண்ணெய் விற்றதாக ரசீது இருந்தால், மீதி எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கும் தாளும் இதைக் கேட்காது.

தாள் சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாவெண்டரில் யாராவது ஆவியாகாத எண்ணெயைக் கலந்திருந்தால் தாளில் கறை நிற்கும், சரி. ஆனால் இன்றைக்கு அவ்வளவு மட்டமாக யார் கலப்படம் செய்கிறார்கள்? லாவெண்டர் வாசனைக்கு முக்கியமான லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டையும் ஆலையில் தயாரித்து ஊற்றினால் அவை தாளிலிருந்து சுத்தமாகப் பறந்துவிடும். உங்கள் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும். கலப்படமே இல்லாத வெட்டிவேர் எண்ணெய் கனமானது. தாளில் நாள்கணக்கில் தங்கித் தோற்றுப்போகும்.

வாலைக்காரர் எழுதியது:

சான்றிதழ் இல்லாத இரண்டாமவரின் வகையைச் சேர்ந்தவன் நான். அம்மா, எங்களைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. "மருந்து அடிப்பதில்லை" என்று வாயால் சொல்வது யாருக்கும் எளிது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சான்றுக்கான கட்டணமும் பதிவேட்டு வேலையும் ஆண்டுதோறும் வரும் செலவு. சில பாத்திகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கும் பெரிய பண்ணைக்கும் அந்தச் சுமை ஒன்றல்ல. அமெரிக்க விதியே ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் ஆர்கானிக் விற்பனை இல்லாதவரைச் சான்றிலிருந்து விலக்கியிருக்கிறது. விதிப்படி நடந்து பதிவேடு வைத்திருந்தால் போதும், முத்திரையை மட்டும் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு வழி, விவசாயிகளும் வாங்குகிறவர்களும் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை. பல நாடுகளில் நடக்கிறது, இந்தியாவில் அரசே நடத்துகிறது.

நேரில் போனால் வயலின் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வடிப்பு நோட்டைக் கேளுங்கள். நான் வைத்திருப்பதில் எந்தப் பாத்தி, எப்போது வெட்டியது, கலனில் ஏற்றிய எடை, நீராவி விட்ட நேரம், நிறுத்திய நேரம், கிடைத்த எண்ணெய் என்று பத்தி பத்தியாக இருக்கும். மழையில் நனைந்த பூ வந்த நாளில் எண்ணெய் குறைந்திருக்கும், அதையும் எழுதியிருக்கிறேன். எல்லா வரியிலும் ஒரே எடை, ஒரே எண்ணெய் என்று ஒரே மையில் எழுதியிருந்தால் அது நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக முந்தின இரவு உட்கார்ந்து எழுதியது.

பக்கத்து நிலத்தில் என்ன அடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். காற்றில் மருந்து வந்து விழுவதை என்னால் முழுமையாகத் தடுக்க முடியாது. வேலியோரத்து வரிசைகளைத் தனியாக வெட்டுகிறேன்.

நுரைக்காரி எழுதியது:

வாலைக்காரர் ஐயா, வடிப்பு நோட்டு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நன்றி.

கொள்முதல்காரர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். இரண்டாமவர் ஜி.சி.எம்.எஸ். அறிக்கை, அதாவது எண்ணெயில் எந்தெந்தச் சேர்மம் எவ்வளவு என்று ஆய்வகம் பிரித்துச் சொல்லும் அறிக்கை, தருகிறேன் என்கிறார். அது இருந்தால் சான்றிதழ் இல்லாததை மறந்துவிடலாமா? மூன்றாமவரின் "மருத்துவத் தரம்" எந்த அமைப்பு கொடுப்பது?

கொள்முதல்காரர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்குப் பதில் சிறியது: எந்த அரசும் எந்தப் பொதுத் தரநிலை அமைப்பும் அப்படி ஒரு தரம் பிரித்ததில்லை. விற்பவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட பட்டம். அந்த எண்ணெய் நல்லதாகவும் இருக்கலாம். பொன்னெழுத்து அதற்குச் சாட்சி ஆகாது.

முதல் கேள்விதான் முக்கியமானது. ஆய்வகம் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும், நிலத்தில் என்ன நடந்தது என்று சொல்லாது. சான்றிதழ் நிலத்தையும் கைமாறிய வழியையும் சொல்லும், உங்கள் பாட்டிலைத் திறந்து பார்க்காது. அமெரிக்க விதிப்படி ஒரு சான்றளிப்பு நிறுவனம் தன்னிடம் சான்று பெற்றவர்களில் ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீதம் பேரின் பொருளில்தான் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதனை செய்தாக வேண்டும். மீதிப் பேரைப் பொறுத்தவரை ஆய்வாளரின் கண்ணும் கணக்கும்தான். எனவே ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

லாவெண்டரிலேயே பாருங்கள். லாவண்டின் என்று ஒரு கலப்பினம் இருக்கிறது. எண்ணெய் நிறையத் தரும், மலிவு, நல்ல வாசனையும் உண்டு. ஆர்கானிக் லாவண்டினை அசல் லாவெண்டர் என்று விற்றால் நிலத்தில் தவறே நடக்கவில்லை, பெயரில் நடந்திருக்கிறது. இதை அந்த ஜி.சி. சோதனை காட்டிக்கொடுக்கும்: லாவண்டினில் கற்பூரம் பல சதவீதம் இருக்கும், அசல் லாவெண்டரில் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத் தொடாது. செயற்கை லினலூல் சேர்த்ததைக் கண்டுபிடிக்கச் சாதாரண ஜி.சி. சில நேரம் போதாது. அந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. செடி பெருமளவு ஒன்றையே உண்டாக்கும், ஆலையில் செய்தால் வழக்கமாக இரண்டும் சரிபாதி வரும். இதைப் பிரித்துக் காட்டும் தனிச் சோதனைக்குக் கைரல் ஜி.சி. என்று பெயர். பெரிய அளவில் வாங்கும்போது கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் விகிதங்களைப் படிப்பதற்கு முன் தாளின் தலைப்பைப் பாருங்கள். பேட்ச் எண் பாட்டிலில் உள்ளதுதானா, சோதித்த ஆய்வகத்தின் பெயர் இருக்கிறதா, தேதி என்ன? ஒருமுறை ஒருவர் அடுத்தடுத்த இரண்டு பருவங்களின் அறிக்கைகளை எனக்கு அனுப்பினார். தசமப் புள்ளிக்குப் பின்னும் எண்கள் ஒன்றுபோல இருந்தன. வெயிலும் மழையும் மாறிய இரு பருவங்களில் செடி அப்படி ஒரே எண்ணெயைத் தராது. தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார். வாங்கவில்லை.

சான்று எங்கே மிகுதியாகத் தேவை என்பதும் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் எண்ணெயைத் தோலிலிருந்து நேரே பிழிந்து எடுக்கிறார்கள். தோலில் தங்கிய மருந்தும் கூடவே வரும். அங்கே நான் சான்றில் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீராவியில் வடிப்பதில் கனமான மருந்துகள் கலனிலேயே தங்கிவிடும், சிலது மட்டும் ஆவியோடு ஏறி வரும். மல்லிகை அப்சொல்யூட் (கரைப்பான் கொண்டு பூவிலிருந்து பிரித்தெடுக்கும் வாசனைச் சாறு) போன்றவற்றை "ஆர்கானிக்" என்று யாராவது நீட்டினால் எதில் பிரித்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியக் கரைப்பான் என்றால் அது ஆர்கானிக் ஆகாது.

சோப்புக்கு வாங்கும் பாதாம், திராட்சை விதை எண்ணெய்களில் இன்னொரு ஏமாற்றம். எல்லாச் சான்றும் இருக்கும், ஆனால் எண்ணெய் சிக்கெடுத்திருக்கும். ஆர்கானிக் என்றால் புதியது என்று பொருளில்லை. எண்ணெய் எவ்வளவு சிக்கெடுத்திருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பு எவ்வளவு, எப்போது அளந்தது என்று கேளுங்கள். குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்க்குச் சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு 15. நான் பத்தைத் தாண்டினாலே திருப்பி அனுப்பிவிடுவேன். வாங்கிவைத்து சோப்பாக்கி விற்பதற்குள் அது ஏறிக்கொண்டேதான் போகும்.

உங்கள் லேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஆர்கானிக் ஒழுங்குமுறை அழகுசாதனப் பொருள்களைத் தொடுவதில்லை. அதற்குக் காஸ்மாஸ் போன்ற தனியார் தரநிலைகள்தான். அதில் தண்ணீரை ஆர்கானிக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆர்கானிக் சான்று பெற, தோலில் தங்கும் பொருளில் மொத்தத்தில் குறைந்தது 20 சதவீதமும் கழுவி விடும் பொருளில் 10 சதவீதமும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். வாங்கிய எண்ணெய்க்குச் சான்று இருக்கிறது என்பதற்காக சோப்பின்மேல் முத்திரையைப் பதித்துவிடாதீர்கள். "ஆர்கானிக் சான்று பெற்ற லாவெண்டர் எண்ணெய்" என்று மூலப்பொருள் பட்டியலில் எழுதுங்கள். உங்கள் நாட்டு விதி அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுரைக்காரி எழுதியது:

முதலாமவரிடம் வடித்தவரின் சான்றையும் இந்தப் பேட்ச் கைமாறியதற்கான ஆவணத்தையும் கேட்டேன். "இவ்வளவு சிறிய ஆர்டருக்கு இதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்றார். இரண்டாமவர் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது. அறிக்கையில் கற்பூரம் 0.4 சதவீதம், ஆனால் பேட்ச் எண் இல்லை.

கொள்முதல்காரர் எழுதியது:

முதலாமவரை விட்டுவிடுங்கள். இரண்டாமவரிடம், பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு அறிக்கையைத் திரும்ப அனுப்பும்படி ஆய்வகத்திடமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவர் தாமே பேனாவால் எழுதி அனுப்பினால் ஏற்காதீர்கள். அது வரும்வரை மாதிரிப் பாட்டில் மட்டும் வாங்குங்கள். லேபிளில் "ஆர்கானிக்" வேண்டாம். "பயிரிட்டவரிடமே நேரடியாக வாங்கிய லாவெண்டர் எண்ணெய்" என்று போட்டுக்கொள்ளலாம், அது உண்மைதானே.