சிரிப்புக்கும் ரீடேக் உண்டு

2017 ஜூனில் பிரிட்டன் தேர்தல் முடிந்த கையோடு, லண்டனில் ஒரு வானொலி நையாண்டி நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுக்குப் போயிருந்தேன். டிக்கெட் இலவசம்தான். ஆனால் இருக்கையைவிட அதிகமாகக் கொடுத்துவைப்பார்கள், பிந்திப் போனால் திரும்பி வரவேண்டியதுதான். அதனால் சீக்கிரமே போய் வரிசையில் நின்றுவிட்டேன்.

"வலுவான, நிலையான ஆட்சி" என்று ஊர் ஊராக முழங்கிய அப்போதைய பிரதமர் தெரசா மேயின் கட்சி 317 இடத்தோடு நின்றுபோயிருந்தது. பெரும்பான்மைக்கு 326 வேண்டும். வட அயர்லாந்தின் டியூபி கட்சியிடம் 10 பேர் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முறுக்கிக்கொண்டு இருந்தார்கள். நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நடிகர்கள் படித்து முடித்த தாளை மடிக்கவோ திருப்பவோ இல்லை, அப்படியே தரையில் நழுவவிட்டார்கள். சலசலப்பு மைக்கில் விழக்கூடாதாம். நிகழ்ச்சி முடியும்போது அவர்கள் காலடி முழுக்கக் காகிதம்.

நடுவில் ஒரு நாடாளுமன்றக் காட்சி. அங்கே அவை நடவடிக்கைகளின் பதிவை நையாண்டிக்குப் பயன்படுத்தத் தடை. அதனால் "ஆர்டர், ஆர்டர்" என்று கத்த ஒரு நடிகர், கூச்சல் போட நாங்கள்! நான் லோக்சபா பார்த்து வளர்ந்த பழக்கத்தில் மேசையைத் தட்டத் தேடினேன். லண்டன் எம்.பி.க்களுக்கு மேசையே கிடையாது, வெறும் பெஞ்சுதான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு நடிகருக்கு வாய் குழறிவிட்டது. அதே ஜோக்கை மறுபடி எடுத்தார்கள். "முதல் தடவை கேட்பதுபோலச் சிரியுங்கள்" என்றார் தயாரிப்பாளர். கொறடா உத்தரவு வந்த எம்.பி.க்கள் மாதிரி எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். உண்மையைச் சொன்னால், இரண்டாவது சிரிப்புதான் சத்தம் அதிகம்.

—

அக்கா, அந்தக் கொறடா விஷயம் அப்படியே உண்மை. நானும் ஒரு பதிவில் ஒரே ஜோக்குக்கு மூன்று தடவை சிரித்திருக்கிறேன். மூன்றாவது தடவை கன்னம் வலித்தது.

—

நான் நேரில் போனதில்லை, காரில் கேட்கிற ஆள். ஆறு மணிக்குச் செய்தி, ஆறரைக்கு நகைச்சுவை. ஜூன் 26 அன்று வேலை முடிந்து வண்டியை எடுத்து ரேடியோவைப் போட்டேன். அந்த 10 பேரின் ஆதரவோடு ஒப்பந்தம் முடிந்தது, வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு என்று ஒரு குரல் படு சீரியஸாகச் சொன்னது. நகைச்சுவை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அரங்கின் சிரிப்பு வருமென்று காத்திருந்தேன், வரவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஆறு ஐந்து.