நாலாம் தேதியா, பதினெட்டா: ‘முத்தியால்பேட்டை வீடு’ வாட்ஸ்அப் குழு

சனி, 10 ஜனவரி 2026

அருள் (மதியம் 2:10): எல்லோருக்கும் வணக்கம். ரிட்டையர் ஆனதும் செய்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்த நடை, இந்த மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பிரான்சில் லெ புயி ஊரிலிருந்து கோங்க் ஊர் வரை. சுமார் 200 கிலோமீட்டர், பத்து நாள். பாதைக்கு ஜிஆர் 65 என்று பெயர். ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகப்பர் கோயிலுக்குப் போகிற பழைய யாத்திரை வழியில் இது முதல் துண்டு. 950ஆம் ஆண்டிலேயே லெ புயி ஆயர் கோதெஸ்கால்க் அங்கிருந்து கிளம்பிப் போயிருக்கிறார். நானும் ஸ்டெல்லாவும் உறுதி. ரீட்டா, சேவியர், ஜோ மூவரையும் சேர்த்து ஐந்து பேர் என்று கணக்கு. வழியில் எல்லாம் சின்ன ஊர்கள், படுக்கை குறைவு. இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

ரீட்டா: நான் ரெடி பெரியண்ணா

ஜோ: பெரிய மாமா, சூப்பர். லீவு கேட்கிறேன்

சேவியர்: தேதி?

தாமஸ்: மச்சான், தென்னை மரத்துக்கு ஆள் வந்து பார்த்தான். வேர் பக்கம் மண் இல்லையாம். மதில் மேல் சாய்ந்துவிடும் என்கிறான். என்ன செய்வது?

அருள்: மரத்தை அப்புறம் பேசலாம் மச்சான். தேதி: மே 18 திங்கள் காலை ஏழு மணிப் பூசை லெ புயி பேராலயத்தில். யாத்திரைக்காரர்களுக்கு ஆசீர்வாதம் கொடுப்பார்கள். முடிந்ததும் கோயில் நடுவில் தரையிலேயே கம்பிக்கதவைத் திறப்பார்கள். அதன் வழியாகப் படியில் இறங்கினால் நேராக ஊர்த்தெரு. அங்கேயே நடை ஆரம்பம். முதல் நாள் சேன் பிரிவா 24 கி.மீ. அடுத்து சோக் 19. மூன்றாம் நாள் லெ சோவாஜ், காட்டுக்கு நடுவே கருங்கல் பண்ணைவீடு, ஒரு காலத்தில் யாத்திரைக்காரர்களின் ஆஸ்பத்திரி. அப்புறம் ஓமோன், 27. அதன்பின் நஸ்பினால், 26. அதுதான் ஓபிராக் மேட்டுநிலம், மரமே இல்லாத புல்வெளி, மே கடைசியில் நர்சிசு பூக்கும்.

சேவியர்: 27ஆ

ஸ்டெல்லா: என் முட்டிக்கு 27 கிடையாது. முன்பே சொல்லிவிட்டேன்

அருள்: அதற்கும் யோசித்திருக்கிறேன். ஓமோனில் ரயில் நிலையம் இருக்கிறது. உனக்கு வேண்டாம் என்றால் நாலாம் நாள் அங்கிருந்து ரயில் பிடிக்கலாம்.

ஸ்டெல்லா: தனியாகவா?

(அருள் ஒரு செய்தியை நீக்கினார்)

மேரி (மாலை 4:35): படித்தேன். ஐந்து பேர் கணக்கு நன்றாக இருக்கிறது.

ரீட்டா: அக்கா…

மேரி: இல்லை, நான் கேட்கவில்லை. அம்மாவை யார் பார்ப்பது என்று யாரும் யோசிக்கத் தேவையே இல்லாதபடி கணக்கு சரியாக வந்திருக்கிறது. அதைச் சொன்னேன்.

அருள்: மேரி, உன்னால் அம்மாவை விட்டு வர முடியாது என்று நினைத்துத்தான் எழுதவில்லை.

மேரி: கேட்டிருக்கலாம் அண்ணா. அப்பாவோடு வேளாங்கண்ணிக்கு ஏழு வருடம் நடந்தது யார்? கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் என்று ஒவ்வொரு ராத்திரி தங்கலும் எனக்கு மனப்பாடம். நீ ஒரே ஒரு வருடம், அதுவும் சிதம்பரத்தோடு பஸ் ஏறிவிட்டாய்.

ஜோ: அம்மா 😂

அருள்: காலில் கொப்புளம். அப்பாதான் ஏற்றிவிட்டார்.

சேவியர்: அக்கா சொல்வது நியாயம்

தாமஸ்: மேரி போனால் நானும் போவேன். சர்க்கரைக்கு நடை நல்லதுதான். சாப்பாடு என்ன கிடைக்கும்?

ரீட்டா: அத்தான், லெ புயி பச்சைப் பருப்புக்குப் பேர் போன ஊர். தோல் எடுக்காத மைசூர்ப் பருப்பு மாதிரி குட்டியாக இருக்கும், குழையாது.

தாமஸ்: பருப்பு இருந்தால் சரி

ரீட்டா: ஓபிராக்கில் அலிகோ என்று ஒன்று கொடுப்பார்கள். மசித்த உருளைக்கிழங்கில் இளம் பாலாடைக்கட்டியும் பூண்டும் போட்டுக் கிண்டுவது. கரண்டியைத் தூக்கினால் ஒரு முழத்துக்கு இழுபடும். உங்களுக்கு அதில் ஒரு கரண்டிதான்.

ஸ்டெல்லா: நான் வடகம் எடுத்து வருகிறேன். அந்தப் பருப்பில் தாளித்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்

அருள்: ஸ்டெல்லா, மூட்டை உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. நான் 70 கிலோ, எனக்கு 7 கிலோ. தண்ணீரும் அதில் சேர்த்தி.

ஸ்டெல்லா: வடகம் நூறு கிராம்தான்

ரீட்டா: மூட்டையை ஊருக்கு ஊர் வேனில் கொண்டுபோய் வைக்க ஆள் இருக்கிறார்கள். முந்தின நாள் சொல்லிவிட்டால் காலையில் வாசலில் வைத்தால் போதும். அண்ணிக்கு அப்படிச் செய்யலாம்.

தாமஸ்: எனக்கும்

சேவியர்: தங்குவது எங்கே? ஓட்டலா?

அருள்: ஜித். நம் ஊர்ச் சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள். ஒரு அறையில் நாலு முதல் பத்துக் கட்டில் வரை இருக்கும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு 45 முதல் 55 யூரோ. சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில். ஏழு மணி என்றால் ஏழு மணி. கம்பளி கொடுப்பார்கள், உள்ளே போட்டுக்கொள்ளப் பை மாதிரி தைத்த துணி நாம் கொண்டுபோக வேண்டும். ஷூ வாசலில் கழற்ற வேண்டும். யாத்திரைப் புத்தகம் ஒன்று உண்டு, ஒவ்வொரு இடத்திலும் அதில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரீட்டா: சில இடங்களில் மூட்டையையும் உள்ளே விடமாட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து

தாமஸ்: என்னது

ஜோ: அப்பா, அவர்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்

சேவியர்: இந்தத் தடவை ரூம் போடும் வேலை எனக்கு வேண்டாம். லூர்துப் பயணக் கதை போதும்.

அருள்: யாரும் உன்னிடம் கொடுக்கவில்லையே.

சேவியர்: 2017இல் பணம் கட்டிய ரசீதை அன்று ராத்திரியே காட்டினேன் அண்ணா. அந்த இணையதளம் ஏமாற்றியதற்கு நான் என்ன செய்வேன்? அம்மாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தான் என்று இன்றுவரை சித்தி வீட்டில் பேச்சு.

மேரி: அம்மா அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை சேவியர். அன்றைக்கு ராத்திரி நீ உன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாய், அதைத்தான் எல்லோரிடமும் சொல்வார்.

சேவியர்: ம்

ரீட்டா: சின்னண்ணா, ஜித்துக்கெல்லாம் நான் போன் போட்டுப் பேசிவிடுகிறேன். இங்கே பாதிப் பேர் மின்னஞ்சலைப் பார்க்கவே மாட்டார்கள், குரல் கேட்டால்தான் நோட்டில் பெயர் எழுதுவார்கள்.

ரீட்டா (இரவு 8:50): பெரியண்ணா, ஒரு சிக்கல். மே 18 கிளம்பினால் 22, 23 தேதியில் நஸ்பினாலிலும் ஓபிராக்கிலும் இருப்போம். மே 25 பெந்தகோஸ்தே திங்கள், லீவு. போதாததற்கு அதே வாரயிறுதியில்தான் ஓபிராக்கில் மாடுகளை மலைப் புல்வெளிக்கு ஏற்றும் திருவிழா. மே 25ஐ ஒட்டிய ஞாயிறு. ஊரே நிரம்பிவிடும்.

அருள்: அதைப் பார்க்கத்தான் அந்தத் தேதியே வைத்தேன்! கொம்பில் பூவும் கொடியும் கட்டி, கழுத்தில் மணி போட்டு ஓட்டிப் போவார்கள். நம் மாட்டுப் பொங்கலேதான்.

ரீட்டா: பார்க்கலாம், ஆனால் எங்கே படுப்பது? இன்றைக்கு மூன்று இடத்தில் கேட்டேன். இரண்டு இடத்தில் இல்லை. ஒரு இடத்தில் இரண்டு கட்டில்.

ஜோ: கூடாரம்?

மேரி: அடி விழும்

ரீட்டா: ஜூன் 1 திங்கள் கிளம்பலாமா? கூட்டம் இருக்காது

சேவியர்: முடியாது. ஜூனில் நிலாவுக்குப் பள்ளி திறந்துவிடும், பிளஸ் டூ. மேதான்.

ரீட்டா: அப்படியானால் மே 4 திங்கள். 13ஆம் தேதி கோங்க் சேர்ந்துவிடலாம். மறுநாள் 14 விண்ணேற்பு விழா, அதற்குப் பிறகு நாலு நாள் கூட்டம். அதற்குள் நாம் முடித்திருப்போம். நடுவில் மே 8 லீவு வெள்ளி, அன்றைக்கு ராத்திரி நஸ்பினால். அது ஒன்றுதான் இடிக்கிறது.

அருள்: மே முதல் வாரம் அங்கே குளிர் இருக்கும். பனி விழவும் செய்யும். 1,300 மீட்டர் உயரம். மாடும் பூவும் இருக்காது.

மேரி: அண்ணா, மாட்டைப் பார்க்கப் போகிறோமா, அப்பாவுக்காகப் போகிறோமா?

(நெடுநேரம் பதில் இல்லை)

தாமஸ்: மூடுபனியில் வழி தவறிவிட்டால்?

அருள்: மரத்திலும் கல்லிலும் வெள்ளைக் கோடு, அதன் கீழே சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதே நிறத்தில் பெருக்கல் குறி தெரிந்தால் அந்த வழி இல்லை, திரும்பி வர வேண்டும். ஓபிராக் ஊர்க் கோயிலில் ஒரு மணி இருக்கிறது, அதற்கு வழி தவறியவர்களின் மணி என்றே பெயர். அந்தக் காலத்தில் பனியிலும் புயலிலும் துறவிகள் விடாமல் அடிப்பார்களாம், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து சேர.

தாமஸ்: இப்போது அடிக்கிறார்களா?

ஜோ: இப்போது போன் இருக்கிறது அப்பா. 112

ரீட்டா: தண்ணீர்தான் முக்கியம். கடை நம்ப முடியாது, சின்ன ஊரில் திங்கட்கிழமை ரொட்டிக்கடையே பூட்டியிருக்கும். கல்லறைத் தோட்டம் கண்ணில் பட்டால் உள்ளே போங்கள், குழாய் இருக்கும். குடிக்க ஆகாது என்று பலகை இருந்தால் மட்டும் வேண்டாம்.

தாமஸ்: கல்லறைத் தண்ணீரா…

ஸ்டெல்லா: பூச்செடிக்கு ஊற்ற வைத்திருக்கும் ஊர்க் குழாய்தான் அண்ணா. நானே குடித்திருக்கிறேன்


ஞாயிறு, 11 ஜனவரி 2026

மேரி (காலை 9:20): பூசை முடிந்து வந்தோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், அப்படியே: “மேரி போகட்டும். லில்லி வந்து என்கூட இருப்பாள், பத்துப் பதினைந்து நாளில் நான் ஒன்றும் ஆகிவிடமாட்டேன். அவர் பட்டாளத்தில் இருந்தபோது அந்த மலைப்பக்கம் நடக்க ஆசைப்பட்டார், லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து போங்கள். சண்டை போட்டுக்கொண்டாவது போங்கள்.”

சேவியர்: 🙏

ரீட்டா: அம்மா ❤️

அருள்: அம்மா சொன்னால் சரி. மே 4.

அருள்: இல்லையென்றால் 18க்கு எங்காவது இடம் கிடைக்கிறதா என்று இன்னொரு தடவை மட்டும் பார் ரீட்டா.

ஸ்டெல்லா: பார்த்தீர்களா

மேரி: லில்லி சித்தியிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் மகன் வீட்டில் பிரசவம் மே மாதம்தான்.

ரீட்டா: கேளுங்கள் அக்கா, முதலில் அதைத்தான். அப்புறம் விசா. அத்தானுக்கும் ஜோவுக்கும் சின்னண்ணாவுக்கும் வேண்டும். அக்காவுக்கு அப்பா வழியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது, புதுப்பித்தாயிற்றா?

மேரி: ஆகஸ்ட் வரை இருக்கிறது

அருள்: விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே மனு போடலாம், நாம் ஏற்கனவே தாமதம். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எங்கள் ஊர் சார்செல் நகராட்சியில் நான் வரவேற்புச் சான்று எடுத்துத் தருகிறேன், அதற்கு 30 யூரோ முத்திரை. ஆனால் அது என் வீட்டில் தங்கும் நாளுக்குத்தான் செல்லும். நடக்கிற பத்து ராத்திரிக்கும் ஜித்துகளிடமிருந்து எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். அதனால்தான் படுக்கை முதலில், விசா அடுத்து, விமானச் சீட்டு கடைசி. யாரும் மலிவாக வருகிறது என்று இன்றைக்கே சீட்டுப் போட்டுவிடாதீர்கள்.

ஜோ: …

மேரி: ஜோ

ஜோ: போடவில்லை அம்மா, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்

அருள்: பாரீஸில் கார் தெ லியோன் ஸ்டேஷனிலிருந்து லியோன் நகரத்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சின்ன ரயில், சேன்தெத்தியேன் வழியாக லெ புயி. சனிக்கிழமையே போய்விடுவோம், ஞாயிறு ஊரைப் பார்க்கலாம். பாறை உச்சியில் சிவப்பாக ஒரு மாதா சிலை நிற்கும். செபாஸ்தொபோல் போரில் பிடித்த 213 ரஷ்யப் பீரங்கிகளை உருக்கி 1860இல் வார்த்தது. உள்ளே படி ஏறித் தலைவரை போகலாம்.

ஸ்டெல்லா: நடைக்கு முந்தின நாள் படி ஏற வேண்டாம்

ரீட்டா: திரும்பும்போது கோங்க்கிலிருந்து ரொதே ஊருக்கு வண்டி பிடித்து, அங்கிருந்து ரயிலில் தூலூஸ், என் வீடு. இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும். பிரியாணி நான்.

சேவியர்: இதற்கு நான் வருகிறேன்

தாமஸ்: கோங்க்கில் என்ன இருக்கிறது?

அருள்: புனித ஃபுவா கோயில். வாசலுக்கு மேலே கல்லில் இறுதித் தீர்ப்பு செதுக்கியிருக்கிறார்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மடத்துத் துறவி ஒருவர் அதன் முன்னால் நின்று உருவம் உருவமாக விளக்குவார். மடத்திலேயே படுக்கையும் உண்டு. அங்கே ஒரு ராத்திரி கிடைத்தால் எனக்கு மாடு, பூ எதுவும் வேண்டாம்.

மேரி: அண்ணா

மேரி: அப்பாவின் பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவை என்னிடம்தான் இருக்கிறது. அடக்கத்தன்று நீ கேட்டாய், நான் தரவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்.

அருள்: தெரியும்மா.

மேரி: நீயே சுமந்து வா. நான் பக்கத்தில் நடக்கிறேன். வேளாங்கண்ணிச் சாலையில் கீழே போட்டு நசுங்கிய இடம் அப்படியே இருக்கிறது. மூடிச் சங்கிலிதான் அறுந்துவிட்டது, பாத்திரக் கடையில் பற்றவைக்கக் கொடுக்கிறேன்.

அருள்: பாதி நாள் நீ, பாதி நாள் நான்.

ஸ்டெல்லா: 😭

தாமஸ்: தென்னை மரம்?

சேவியர்: வெட்டிவிடுங்கள் அத்தான்

மேரி: வெட்டக்கூடாது. அப்பா வைத்தது. கம்பி கட்டி நிறுத்தலாம் என்றானே அவன்?

தாமஸ்: அதற்கு எட்டாயிரம் கேட்கிறான்

அருள்: நான் தருகிறேன். கட்டச் சொல்லுங்கள் மச்சான்.

ரீட்டா (இரவு 9:40): மே 4 சேன் பிரிவாவில் ஏழு பேருக்குச் சரி என்றார்கள். 5 சோக், சரி. 6 லெ சோவாஜ், ஐந்து கட்டில்தான், இரண்டு பேருக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். 7 ஓமோன், சரி. 8 நஸ்பினால் யாரும் போனை எடுக்கவில்லை. நாளைக்குத் திரும்ப அடிக்கிறேன்.

அருள்: 18க்குக் கேட்டாயா?

ரீட்டா: பெரியண்ணா!