சார்ஜ் (பாகுபாடு புகார்) போட்ட பிறகு வேலையை விட்டு தூக்கிட்டாங்க, அதையும் கேஸ்ல சேர்க்கலாமா?

டெக்சாஸ்ல இருக்கேன். ப்ரமோஷன்ல என்னை ஒதுக்கினாங்க, "உங்க ஆக்சென்ட் கஸ்டமருக்கு செட் ஆகாது"ன்னு மேனேஜர் மெயில்லயே எழுதியிருந்தார், அதை வச்சு பூர்வீக நாடு அடிப்படையில பாகுபாடுன்னு ஜனவரில ஈஇஓசில (வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு) சார்ஜ் ஃபைல் பண்ணேன், 300 நாள் கெடுவுக்குள்ளதான். மார்ச்ல வேலையே போச்சு. காரணம் பர்ஃபாமன்ஸாம்! அதுக்கு முந்தின ரிவ்யூ வரைக்கும் நல்ல ரேட்டிங்தான்.

இப்ப ஈஇஓசில இருந்து ரைட் டு சூ நோட்டீஸ் (கோர்ட்டுக்குப் போகலாம்ங்கற கடிதம்) வந்துடுச்சு, 90 நாளுக்குள்ள கோர்ட்ல கேஸ் போட்டாகணும். ஆனா சார்ஜ்ல ரிட்டாலியேஷன் (புகார் குடுத்ததுக்குப் பழிவாங்கறது) பத்தி ஒரு வரி கூட கிடையாது, எழுதும்போது அது நடக்கவே இல்லையே.

ஈஇஓசி போர்ட்டல்ல திருத்தலாம்னு பார்த்தா ஃபைல் க்ளோஸ்டுன்னு காட்டுது. ஃபோன் பண்ணா மியூசிக்தான் ஓடுது. ஒரு வக்கீல், பழைய சார்ஜ்ல இருந்து வந்த பழிவாங்கல்தானே, தனியா சார்ஜ் போட வேணாம்ங்கறார். இன்னொருத்தர் சார்ஜ்ல ரிட்டாலியேஷன் இல்லன்னு கம்பெனி முதல் வேலையா டிஸ்மிஸ் மோஷன் (கேஸைத் தள்ளுபடி பண்ணச் சொல்ற மனு) போடும்ங்கறார். 2019ல ஃபோர்ட் பெண்ட் கவுண்ட்டி கேஸ்ல, ஒரு விஷயம் சார்ஜ்ல இல்லங்கறதை எதிர்த்தரப்பு நேரத்தோட கிளப்பலன்னா அப்படி ஆட்சேபிக்கற உரிமை போயிடும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, ஆனா இவங்க கிளப்பாம விடுற ஆளுங்க இல்ல. ஆர்பிட்ரேஷன் அக்ரிமென்ட் (கோர்ட்டுக்குப் போகாம தனியார் நடுவர்கிட்ட தீர்த்துக்கற ஒப்பந்தம்) எதுவும் நான் சைன் பண்ணல, ஆஃபர் லெட்டர், ஹேண்ட்புக் எல்லாம் புரட்டிட்டேன்.

டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட்ல இதே நிலைமையில இருந்தவங்க யாராவது, ரிட்டாலியேஷனுக்கு புதுசா இன்னொரு சார்ஜ் போட்டீங்களா, இல்ல பழைய நோட்டீஸை வச்சே ரெண்டையும் சேர்த்து கேஸ் போட்டீங்களா?