சொந்தபந்தம் குழு: ‘உடான்’ பற்றி ஒரு பேச்சு

அத்தை: நேற்று ராத்திரி ‘உடான்’ பார்த்தோம். இந்திப் படம், 2010-இல் வந்தது. தூக்கமே போச்சு.

மாமா: பேய்ப் படமா?

அத்தை: அப்பா படம்.

தம்பி: விக்ரமாதித்ய மோட்வானியின் முதல் படம். அந்த வருஷம் கான் திரைப்பட விழாவுக்கே போனது.

பெரியப்பா: கதை என்ன?

அத்தை: ரோஹனுக்குப் பதினேழு வயசு. சிம்லாவில் விடுதிப் பள்ளி. ராத்திரி திருட்டுத்தனமாகப் படம் பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறான், பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஜாம்ஷெட்பூரில் இருக்கிற அப்பாவிடம் வருகிறான். எட்டு வருஷமாக அந்த மனுஷன் போய்ப் பார்க்கவே இல்லை அண்ணா. வீட்டில் ஆறு வயசில் ஒரு தம்பி வேறு. அவன் இருப்பதே இவனுக்கு அப்போதுதான் தெரியும்.

பெரியப்பா: திருட்டுத்தனமாகப் போனால் அப்பா கண்டிக்கத்தான் செய்வார். அடியாத மாடு படியாது.

அண்ணி: அது கண்டிப்பா பெரிய மாமா? பெற்ற பிள்ளை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். விடிந்தால் ஓட்டப் பந்தயம், அதிலும் அப்பாதான் ஜெயிப்பார். அப்புறம் தொழிற்சாலை, இன்ஜினியரிங் காலேஜ். பையனுக்கு எழுத்தாளன் ஆக ஆசை. எழுதி வைத்ததையெல்லாம் கொளுத்திவிடுகிறார்.

பெரியப்பா: பிழைக்க வழி காட்டுவது தப்பா?

அத்தை: சின்னவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் அண்ணா. மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்கிறார் அப்பா. ரோஹன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறான், வார்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம்தான் தம்பியின் முதுகைப் பார்க்கிறான். படியில் விழுந்தால் முதுகில் பெல்ட் தழும்பு வருமா?

மாமா: ரோனித் ராய்தானே அப்பா?

தம்பி: ஆமாம். சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குத்தான். அவர் கத்தும்போதுகூடப் பரவாயில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

சித்தி: எனக்கு ரோஹனின் சித்தப்பா மேல்தான் வருத்தம். தங்கமான மனுஷன், பையனுக்காகப் பரிந்தும் பேசுகிறார். ஆனால் அண்ணன் ஒரு அதட்டல் போட்டால் அடங்கிவிடுகிறார்.

மாமா: வீட்டுப் பெரியவரை எதிர்த்து யார் பேசுவார்கள்?

சித்தி: இந்தக் குழுவில்கூட.

பெரியப்பா: யாரைச் சொல்கிறாய்?

சித்தி: பொதுவாகச் சொன்னேன் அத்தான் 😀

அண்ணி: நிஜத்தில் பக்கத்து வீட்டில் இப்படி நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடலாம், காசு கிடையாது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமை செய்தால், 2015 சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை.

மாமா: பெற்ற அப்பன் மேலேயா?

அண்ணி: அவனும்தான்.

பெரியப்பா: சரி, பையன் கடைசியில் என்ன செய்கிறான்?

தம்பி: அத்தை, முடிவைச் சொல்லாதீர்கள்!

பெரியப்பா: பெரியவன் எப்படியோ போகட்டும். அந்தச் சின்னவனை யார் பார்த்துக்கொள்வது?

அத்தை: தம்பி சொல்லக் கூடாது என்கிறானே.

பெரியப்பா: அவன் கிடக்கிறான், நீ சொல்லு.